நிறம் திரிந்த திரை

நேற்றுவரை பால்போல் வெண்மையாய் இருந்த கணினித் திரை ஒன்று, இன்று காலை மஞ்சள் பூத்து நிற்கிறது. அல்லது, கத்தரிப் பூவின் நிறம் அதன்மேல் படர்ந்திருக்கிறது. கண்டவர் பலரும் கூறும் தீர்ப்பு ஒன்றே: “திரை பழுதாயிற்று, புதிது வாங்க வேண்டும்.” இத்தீர்ப்புப் பல வேளைகளில் ஆராயாது கூறும் தீர்ப்பாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை ரூபாவின் மதிப்புப் பெரிதும் வீழ்ந்தது. அதன் பின்னர், இறக்குமதியாகும் இத்தகைய பொருள் ஒன்றைப் புதிதாக வாங்குவதென்பது ஒரு குடும்பத்துக்கு எளிய செயலன்று. சிறு பாடசாலையொன்றின் கணினி அறையிலோ, ஒரு திரையைக் கழித்தொதுக்கினால் ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளின் பயிற்சி நின்றுபோகிறது. ஆகவே, நிறம் திரிவதன் காரணத்தை அறிந்துகொள்வது பொறியியலாளருக்கு மாத்திரம் உரிய கல்வி அன்று. கணினியைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் உரிய கல்வியாகும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, அதன் பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்னும் வரிசையை வகுத்தார். உடம்புக்குச் சொன்ன அவ்வரிசை கருவிக்கும் பொருந்தும். நிறப் பிழையைத் தீர்க்கும் கலையின் முழு இரகசியமும் ஒரு வினாவில் அடங்கும்: பிழை எங்கே இருக்கிறது? அதன் இருப்பிடம் தெரிந்துவிட்டால், தீர்வு பெரும்பாலும் ஐந்து நிமிட வேலையே. இருப்பிடம் தெரியாதபோதுதான் பணம் விரயமாகிறது.

முதலில், திரை நிறத்தை எவ்வாறு ஆக்குகிறது என்பதை நோக்குவோம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைத் திரையின் வெண்மையான பகுதியின்மேல் பிடித்துப் பார்த்தால், அங்கே வெண்மை இல்லாமையைக் காணலாம். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகைச் சிறு ஒளிப்புள்ளிகளே அங்கு அணிவகுத்து நிற்கும். தூரத்தில் நின்று காணும் கண், அம்மூன்றையும் கலந்து வெள்ளையெனக் கொள்கிறது. மூன்று நிற ஒளிகளைக் கலந்து பல நிறங்களையும் தோற்றுவிக்கலாம் என்பதை, 1861ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் அறிஞர் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் செய்து காட்டினார். பலநிறப் பட்டி ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளூடாக மும்முறை படம்பிடிக்கச் செய்து, அப்படங்களை அதே நிற வடிகட்டிகளூடாக மூன்று விளக்குகளால் ஒரே வெண்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார். பட்டி தன் நிறங்களோடு தோன்றிற்று. இன்றைய கணினித் திரை அச்சோதனையின் வழித்தோன்றலே.

கணினி இம்மூன்று நிறங்களையும் எண்களாகவே அறியும். சாதாரணமாக ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் பெறப்படும். மூன்றும் 0 ஆயின் கருமை. மூன்றும் 255 ஆயின் வெண்மை. இக்கணக்கை மனத்திற் கொண்டவர், திரிந்த திரையைக் கண்டதும் பாதி உண்மையை ஊகித்துவிடலாம். வெண்மையிலிருந்து நீலம் நீங்கினால் எஞ்சுவது மஞ்சள். பச்சை நீங்கினால் எஞ்சுவது கத்தரிப்பூ நிறம். சிவப்பு நீங்கினால் எஞ்சுவது நீலமும் பச்சையும் கலந்த நிறம். ஆகவே, “திரையில் மஞ்சள் கூடிவிட்டது” என்று சொல்வதைக் காட்டிலும், “திரையில் நீலம் குறைந்துவிட்டது” என்று எண்ணிப் பார்ப்பதே பயன் தரும். கூடியது எது என்று தேடுபவர் வழி தவறுவார். குறைந்தது எது என்று தேடுபவர் வழியைக் காண்பார்.

இனி, நிறம் கடந்து வரும் பாதையைக் கவனிப்போம். படம் முதலில் ஒரு கோப்பில் எண்களாக இருக்கிறது. அதைத் திறக்கும் மென்பொருள் அவ்வெண்களைப் படிக்கிறது. பின் அவை பணிசெயல் முறைமையின் கையிற் சேர்கின்றன. விண்டோஸ் அத்தகைய முறைமைகளுள் ஒன்று. அங்கிருந்து வரைகலை அட்டைக்கும், அதிலிருந்து வடத்தின் வழியே திரைக்கும் செல்கின்றன. திரை ஒளியை உமிழ்கிறது. அறையின் ஒளியும் அதனோடு கலக்கிறது. ஈற்றிற் காண்பவரின் கண்ணை அடைகிறது. ஒரு கடிதம் பல தபாற் கந்தோர்களைக் கடந்து வருவது போன்றது இப்பயணம். கடிதம் கிழிந்து வந்தால் அதை ஈற்றிற் கொணர்ந்து கொடுத்த தபாற்காரரை மட்டும் ஏசுவது நீதியாகாது. எந்த இடத்திற் கிழிந்தது என்று பின்னோக்கி விசாரிக்க வேண்டும்.

அவ்வாறு விசாரிப்பதற்குச் செலவற்ற மூன்று சோதனைகள் உள.

முதற் சோதனை, திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தல். திரையின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பொத்தானை அழுத்தினால், ஒளி, நிறம் முதலியவற்றை மாற்றுவதற்கான பட்டியல் ஒன்று தோன்றும். அப்பட்டியல் கணினியிலிருந்து வருவதன்று; திரையே தன்னுள் வரைந்து காட்டுவது. படம் மஞ்சளாயிருக்க, பட்டியலின் வெள்ளை எழுத்துகள் தூய வெண்மையாய்த் தோன்றினால், திரை பெரும்பாலும் குற்றமற்றது. பிழை வடத்திலோ கணினியிலோ உள்ளது. பட்டியலும் சேர்ந்து மஞ்சளானால், ஐயம் திரையின்மேல் விழும்.

இரண்டாம் சோதனை, கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்குதல். பணிசெயல் முறைமை எழுமுன்னர், உற்பத்தியாளரின் சின்னம் முதலியன சில நொடிகள் தோன்றும். அவ்வேளையிலேயே நிறம் திரிந்திருந்தால், முறைமையின் அமைப்புகளைக் குடைவதாற் பயனில்லை. வடம், அட்டை, திரை ஆகியவற்றையே ஆராய வேண்டும். தொடக்கத்தில் நிறம் செவ்வையாயிருந்து, பின்னர் திரிந்தால், பிழை மென்பொருளின் பக்கத்தது.

மூன்றாம் சோதனை, திரைப்பிடிப்பு. திரையில் உள்ள காட்சியை அப்படியே ஒரு படமாக எடுத்து, வேறொரு கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பார்த்தல் வேண்டும். அங்கும் நிறம் திரிந்திருந்தால், குற்றம் கோப்பிலோ அதைத் திறந்த மென்பொருளிலோ இருக்கும். அங்கே செவ்வையாயிருந்தால், குற்றம் அதற்குப் பின்வரும் கட்டங்களில் இருக்கும் எனப் பொதுவாகக் கொள்ளலாம். இம்மூன்று சோதனைகளும் முடிந்தபின், ஐயத்துக்குரியவை ஒன்றிரண்டே எஞ்சும்.

எஞ்சியது வடமாயின், அதன் கதை பின்வருமாறு. 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் புகுத்திய வி.ஜி.ஏ. என்னும் இணைப்பு, பழைய கணினிகள் பலவற்றில் இன்றும் உண்டு. மூன்று வரிசைகளில் 15 இடங்கள் கொண்ட அதன் தலைப்பில், முதலாவது ஊசி சிவப்புக்கும், இரண்டாவது பச்சைக்கும், மூன்றாவது நீலத்துக்கும் உரியன. ஒவ்வொரு நிறமும் 0 முதல் 0.7 வோல்ற்று வரையான மின்னழுத்தமாகச் செல்கிறது. ஆகவே ஓர் ஊசி வளைந்தாலும், முறிந்தாலும், தளர்ந்தாலும் ஒரு நிறம் முழுவதும் மறைந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் ஊசிகளிற் களிம்பை உண்டாக்கிவிடுவதும் உண்டு. வடத்தை மெல்ல அசைக்கும்போது நிறம் வருவதும் போவதுமாய் இருந்தால், குற்றவாளி அகப்பட்டான் எனலாம். கணினியையும் திரையையும் நிறுத்தி, வடத்தைக் கழற்றி, ஊசிகளை வெளிச்சத்தில் நோக்கி, நேராகப் பொருத்தி, இருபுறத் திருகாணிகளையும் முறுக்குதல் வேண்டும். தீராவிடின், நன்றாய் இயங்கும் மற்றொரு கணினியின் வடத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஓர் எச்சரிக்கை: 9ஆம் ஊசி பல வடங்களில் இயல்பாகவே இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தைக் கண்டு வடம் பழுதென முடிவு செய்தல் ஆகாது.

எச்.டி.எம்.ஐ. முதலிய புதிய வடங்கள் நிறத்தை மின்னழுத்தமாக அனுப்புவதில்லை; எண்களாகவே அனுப்புகின்றன. ஆதலின், அவற்றிற் பழுது நேர்ந்தால் ஒரு நிறம் மாத்திரம் மங்குவது அரிது. படத்திற் புள்ளிகள் மின்னும், அல்லது படமே மறையும். ஆனால் அவற்றுக்கே உரிய மயக்கம் ஒன்றுண்டு. தொலைக்காட்சி மரபில் கருமைக்கு 16 என்றும் வெண்மைக்கு 235 என்றும் எண் குறிப்பர். கணினி மரபில் அவை 0, 255 ஆகும். கணினி தொலைக்காட்சி மரபில் அனுப்ப, திரை கணினி மரபிற் கொண்டால், கருமை சாம்பல் நிறமாகி, படம் முழுவதும் வெளுத்துத் தோன்றும். கணினி தன் மரபில் அனுப்ப, திரை மற்றதாகக் கொண்டால், நிழற்பகுதிகள் எல்லாம் ஒரே இருளாகிவிடும். இங்கே எப்பொருளும் பழுதன்று. இருவர் இரு மொழியிற் பேசுகின்றனர், அவ்வளவே. வரைகலை அட்டையின் அமைப்பிலோ திரையின் பட்டியலிலோ எண்ணெல்லையை ஒன்றாக்கினால் பிணக்குத் தீரும்.

பிழை பணிசெயல் முறைமையின் பக்கம் என்று சோதனை காட்டினால், முதலில் ஐயுற வேண்டியது இரவொளி அமைப்பு. மாலையில் நீல ஒளியைக் குறைத்துத் திரையை இளஞ்சூடான மஞ்சளாக்கும் இவ்வசதியை, விண்டோஸ் கணினிகளிலும் அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளிலும் 2017ஆம் ஆண்டிற் சேர்த்தனர். அது குறித்த நேரத்தில் தானாகவே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பின், காரணம் அறியாதவர் திரை ஒவ்வொரு மாலையும் நோயுறுகிறது என்று கலங்குவார். நேரத்தைக் குறித்துவைத்து நோக்கினால், மாலையில் வந்து காலையில் மறையும் பழுது உண்மையிற் பழுதன்று என்பது விளங்கும்.

அடுத்தது நிற வடிகட்டி. திரை முழுவதும் திடீரெனக் கருப்பு வெள்ளையாயிற்று எனின், இதையே நோக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் இதற்குரிய விசைக் குறுக்குவழி அனுமதிக்கப்பட்டிருப்பின், விண்டோஸ் விசை, கொன்ட்ரோல் விசை, சீ விசை ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினாற் போதும். வடிகட்டி தோன்றும், மீண்டும் அழுத்த மறையும். விசைப்பலகையில் விளையாடும் சிறு பிள்ளையின் விரல்களுக்கு இது எட்டாத காரியம் அன்று.

வேறொரு வகைப் பிழையும் உண்டு. படங்காட்டும் மென்பொருளில் மாத்திரம் வெண்மை மஞ்சளாகவும், கடிதம் எழுதும் மென்பொருளில் வெண்மை வெண்மையாகவும் தோன்றும். இதற்குக் காரணம் நிறக்குறிப்புக் கோப்பு. ஒரு திரை எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைத் தரும் என்பதைக் குறிக்கும் அக்கோப்புத் தவறானதாயின், அதை மதித்து நடக்கும் மென்பொருள் வழி தவறும். அதைப் பொருட்படுத்தாத மென்பொருள் தப்பிக்கொள்ளும். ஹியூலெட் பக்கார்ட், மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டில் முன்வைத்து, 1999ஆம் ஆண்டிற் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுக் குறிப்பை முறைமையின் நிற மேலாண்மைப் பகுதியில் இயல்புத் தெரிவாக்கினால், சாதாரணப் பாவனைக்கு அது போதுமானது. வரைகலை அட்டையை இயக்கும் மென்பொருள் தடுமாறினும் நிறம் குழம்பும். விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பீ ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் அது மீளத் தொடங்கும். அதனாலும் தீராவிடின், அவ்வியக்க மென்பொருளை உற்பத்தியாளரிடமிருந்து பெற்று மீள நிறுவுதல் தகும்.

திரையின் சொந்தப் பட்டியலே நிறம் திரிந்து காணப்பட்டது எனின், அப்போதும் உடனே கைவிட வேண்டுவதில்லை. எவரேனும் அதன் நிற அமைப்பை மாற்றியிருத்தல் கூடும். பட்டியலில் உள்ள மீட்டமைப்பைத் தெரிவு செய்தால், தொழிற்சாலையில் வைத்த அளவுகள் திரும்பும். சில மலிவான தட்டைத் திரைகளைக் கீழிருந்து நோக்கினால் நிறம் தலைகீழாகத் தோன்றும். திரையைச் சாய்த்து நேர்முகமாக்குவதே அதற்குத் தீர்வு. பழைய படக்குழாய்த் திரை ஒன்றின் மூலையில் மாத்திரம் நிறம் திட்டுத் திட்டாய்ப் படிந்தால், அருகே ஒலிபெருக்கியின் காந்தம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். ஆனால் அத்தகைய திரையின் உறையை எக்காரணம் கொண்டும் திறத்தல் கூடாது. மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும். இச்சோதனைகள் யாவும் கடந்தும் பிழை நிற்குமாயின், அப்போதுதான் திரையைப் பழுதென்று கூறலாம்.

திரையில் நிறம் செவ்வையாக இருந்தும் மனிதர் மயங்குவதுண்டு. மஞ்சள் விளக்கின் கீழ் ஒருவாறும், பகல் வெளிச்சத்தில் மற்றொருவாறும் ஒரே திரை தோன்றும். அச்சகத்தில் எழும் வழக்குகள் பலவற்றுக்கும் இத்தகைய மயக்கமே காரணம். திருமண அழைப்பிதழின் பச்சையைத் திரையிற் கண்டு மகிழ்ந்தவர், தாளில் அது மங்கியிருக்கக் கண்டு சினப்பார். திரை ஒளியைக் கூட்டி நிறத்தை ஆக்குவது. மையோ தாளில் வீழும் ஒளியிற் சில பகுதிகளை விழுங்கி நிறத்தை ஆக்குவது. திரையின் ஒளிர்பச்சை மையில் அவ்வாறே வாராது. ஆகவே முழுத்தொகையையும் அச்சிடுமுன், ஒரு மாதிரித் தாளை அச்சிட்டுப் பகல் வெளிச்சத்திற் பார்ப்பது இரு தரப்பாருக்கும் நன்று.

பாதையின் இறுதிக் கட்டம் கண். வேதியியல் அறிஞர் ஜோன் டால்டன், தமக்கு நிறங்கள் பிறரைப் போலத் தோன்றவில்லை என்பதை 1794ஆம் ஆண்டில் மஞ்செஸ்டர் நகரத்து அறிஞர் சங்கத்தில் விரித்துரைத்தார். தம் கண்ணினுள் உள்ள நீர்மம் நீலமாயிருப்பதே காரணம் என எண்ணிய அவர், தாம் இறந்தபின் கண்ணை ஆராயுமாறு சொல்லிவைத்தார். 1844ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின் ஆராய்ந்தபோது, நீர்மம் நிறமற்றுத் தெளிவாக இருந்தது. பேணி வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை ஆராய்ந்த அறிஞர், பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லாதிருந்ததை 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பேரறிஞரும் பிழையின் இருப்பிடத்தைத் தவறாகக் கொள்ளலாம். ஆனால் சோதித்துப் பார்க்க வழிவிட்டவர், பின்வந்தோர் உண்மையைக் காண உதவுகிறார்.

இத்தகைய நிறப்பார்வைக் குறை, வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு உண்டு. ஆசிய மக்களிடையே அவ்வளவு இல்லையெனினும், அரிதன்று. பெண்களில் மிகச் சிலருக்கே உண்டு. ஒரு வகுப்பில், திரையிலுள்ள தேசப்படத்தின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத மாணவன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கவனமற்றவன் என்று கண்டிக்குமுன், அவன் காண்பது என்ன என்று கேட்க வேண்டும். முன்னர் கூறிய நிற வடிகட்டி, அத்தகையோருக்கு உதவுவதற்காகவும் அமைக்கப்பட்டதே. ஒருவருக்குப் பிழையாகத் தோன்றும் திரை, மற்றொருவருக்குத் துணையாக அமைந்திருத்தல் கூடும். பொதுக் கணினியில் வடிகட்டி இயங்கக் கண்டால், அதை நீக்குமுன், இதை யார் பாவிக்கின்றார் என்று ஒரு சொல் கேட்பது பண்பாகும்.

ஆகவே, திரை நிறம் திரிந்தபோது செய்யத்தக்கவை இவை. திரையின் சொந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். மீளத் தொடக்கிப் பார்க்க வேண்டும். திரைப்பிடிப்பை வேறிடத்திற் பார்க்க வேண்டும். வடத்தை இறுக்கியும் மாற்றியும் பார்க்க வேண்டும். இரவொளி, நிற வடிகட்டி, நிறக்குறிப்பு ஆகியவற்றை முறையே நோக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பிழை நீங்கினும், நீங்கிய காரணம் விளங்காது. மறுமுறை வரும்போது மீண்டும் இருளிலேயே தேட நேரும்.

பாடசாலைகளில் இச்சோதனைகளை மாணவரே செய்யும்படி பழக்கினால், ஒரு திரை மீள்வதோடு அப்பயன் நில்லாது. காரணம் காணுமுன் தீர்ப்புக் கூறலாகாது என்னும் பாடத்தையும் அவர்கள் தம் கையாற் செய்து கற்றுக்கொள்வார்கள்.